ஏழு பாகை வெயில்

மேசைமேல் ஒரு கடல் விரித்துக் கிடக்கிறது. பழுப்புக் காகிதத்தில் பென்சிலால் வரைந்த கடல். அதன் குறுக்கே ஒரு சாலை போகிறது. சாலையின் இரண்டு ஓரத்திலும் சீரான இடைவெளியில் செடிக்கொப்புகள் ஊன்றியிருக்கின்றன. தூரத்தில் ஒரு தீவு, அதன்மேல் கறுத்த மரவரிசை. வானத்துக்கு நான்கு விரற்கடை இடம்தான் விட்டிருக்கிறது. மிச்சமெல்லாம் தண்ணீர், கட்டிதட்டிப்போன தண்ணீர். காகிதம் முழுக்கச் சின்னச் சின்ன வடிவங்களாகக் கோடு கிழித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் எண் எழுதியிருக்கிறார்கள். எண்ணுக்கு ஒரு கண்ணாடித் துண்டு. முந்நூற்றுச் சொச்சம் துண்டுகள்.

"கடலு மேல ரோடா?" என்கிறாள் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண்.

"கடலு மேல. லாரி கூடப் போகும்" என்கிறார் அம்மா.

இடையஞ்சாவடியில் இந்தப் பட்டறை பெயர்ப்பலகை எதுவும் இல்லாமல் இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து வடக்கே வந்து, முந்திரித்தோப்புகளையும் பனைகளையும் கடந்து, செம்மண் பாதையில் திரும்பினால் ஓடு வேய்ந்த ஒரு நீளக் கொட்டகை. கொஞ்ச தூரத்தில் ஆரோவில்லின் மாத்ரிமந்திர். அதன் பொன்வட்டுகளைப் பார்க்க ஊர் ஊராக ஆட்கள் வருகிறார்கள். அந்தப் பொன்னும் கண்ணாடிக்குள் இருப்பதுதான், இரண்டு கண்ணாடி ஏடுகளுக்கு நடுவே பொன்தகட்டை வைத்து உருக்கி ஒட்டியது. அங்கே கண்ணாடி வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. இங்கே கொட்டகையில் செய்கிற கண்ணாடி வெயிலை வடிகட்டி உள்ளே விடுகிறது.

பட்டறையை நடத்துகிறவருக்கு எழுபதுக்கு மேல் வயது. பால்டிக் கடலோரத்தில், எஸ்தோனியாவில் பிறந்தவர். அந்த நாடு 1991-இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுபட்ட பிறகு இந்தியாவுக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டார். வேலை செய்யும் பெண்கள் எல்லோருக்கும் அவர் அம்மா. பேசுவது இடையஞ்சாவடித் தமிழ், அதில் பாதியை இந்தப் பெண்களிடம்தான் கற்றிருக்கிறார். அதிகம் பேசுவதில்லை. கண்ணாடியை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார், கீழே வைக்கிறார், இன்னொன்றை எடுக்கிறார்.

படத்தில் இருப்பது அவருடைய ஏழெட்டு வயது. குளிர்காலத்தில் கரைக்கும் தீவுக்கும் நடுவே கடல் உறைந்துவிடும். பனிக்கட்டி போதிய கனம் ஆனதும் அதன்மேல் சாலை திறப்பார்கள். எஸ்தோனியாவின் ஹீயுமா தீவுக்கு இப்படிப் போகும் கடற்சாலை இருபத்தைந்து கிலோமீட்டர் நீளம், ஐரோப்பாவிலேயே மிக நீண்ட பனிச்சாலைகளில் ஒன்று. வழி தெரிவதற்காக இருபுறமும் ஜூனிப்பர் செடியின் கொப்புகளை நட்டுவைப்பார்கள். அந்தச் சாலையில் காரின் இருக்கைப் பட்டையைக் கட்டக்கூடாது என்பது சட்டம். பனி உடைந்தால் சட்டென்று கதவைத் திறந்து குதிக்க வேண்டும் அல்லவா! அம்மா இதைச் சொல்லும்போது பெண்கள் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்கள்.

"நம்ம கடலு ஏம்மா அப்படி ஆவுறதில்ல? குளிரு இல்லாததாலயா?"

"குளிரும்தான். உப்பும்தான். எங்க கடலில் உப்பு கொஞ்சம்."

இதுவரை குனிந்து கண்ணாடி தீட்டிக்கொண்டிருந்த மூத்த பெண் தலையை நிமிர்த்துகிறார். இவரை மற்றவர்கள் அக்கா என்கிறார்கள். பிறந்த ஊர் மரக்காணம், கட்டிக்கொடுத்தது இடையஞ்சாவடியில். உப்பைப் பற்றி யார் பேசினாலும் காது அந்தப் பக்கம் போய்விடும்.

"கொஞ்சம்னா?"

வங்கக்கடலின் ஒரு லிட்டர் தண்ணீரில் முப்பது கிராமுக்கு மேல் உப்பு இருக்கும். எஸ்தோனியாவின் கரையோரத்தில் ஆறேழு கிராம். ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் நன்னீர் அதிகம், பெருங்கடலோடு சேரும் வாயோ குறுகல். உப்புக் குறைந்த நீர் சீக்கிரம் உறையும். அம்மா விரல்களை விரித்தும் மடக்கியும் இதைச் சொல்லி முடிக்கிறார்.

"அப்ப அந்த ஊர்ல உப்பு எங்க வார்ரது?"

வாருவதே இல்லை. அந்தக் கடலை எவ்வளவு காய்ச்சினாலும் கட்டுப்படியாகாது, வெயிலில் காயவைக்கவோ வெயிலே கிடையாது. இடைக்காலத்தில் பிரான்சின் மேற்குக் கரையிலிருந்தும் போர்ச்சுக்கலிலிருந்தும் கப்பல் கப்பலாக உப்பு போனது. ஹான்சா என்ற வணிகக் கூட்டமைப்பினர் அதைக் கொண்டுபோய் இறக்கி, உருசியா வரைக்கும் விற்றார்கள். எஸ்தோனியாவின் தாலின் நகரத்தின் பழைய கல்மாளிகைகள் உப்பில் சம்பாதித்த காசில் எழும்பியவை என்று அந்த ஊர்க்காரர்களே பெருமையாகச் சொல்வார்கள். மீனைக் கெடாமல் வைக்க உப்பு வேண்டும். உப்பில்லாமல் அந்தக் குளிர்காலத்தைக் கடக்க முடியாது. அக்கா "ம்" என்கிறார். உப்பை மதிக்கிற ஊர் என்பதில் அவருக்கு ஒரு நிறைவு. தீட்டுவதற்குத் திரும்புகிறார்.

கிரைண்டரில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. வைரத்தூள் பூசிய சிறு உருளை சுழல, கண்ணாடித் துண்டின் விளிம்பை அதன்மேல் மெல்ல ஒத்தி ஒத்தி எடுக்கிறார். இதற்கு முன்னால் வெட்டு. கட்டரின் சக்கரம் கண்ணாடிமேல் ஓடும்போது புதுத்துணி கிழிபடும் சத்தம் வரவேண்டும். சத்தம் கரகரத்தால் அழுத்தம் மிகை, வரவே இல்லையென்றால் கோடு விழவில்லை. கோடு விழுந்ததும் இரண்டு கையிலும் பிடித்து ஒரு மடக்கு. வெட்டுவது என்று எல்லோரும் சொன்னாலும் உண்மையில் அது உடைப்பதுதான், எங்கே உடைய வேண்டும் என்று கண்ணாடிக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கிற வேலை. தீட்டிய துண்டின் ஓரம் முழுக்கச் செப்புப் பட்டையைச் சுற்றி, எலும்புக்கத்தி போன்ற ஒரு மழுங்கிய குச்சியால் தேய்த்துப் படியவைக்கிறார்கள். பிறகு துண்டுகளை வரைபடத்தின் மேல் அடுக்கி, ஈயம் பற்றவைப்பு. நூறு பங்கில் அறுபது வெள்ளீயம், நாற்பது காரீயம்.

காரீயம் என்பதால் இந்தக் கொட்டகையில் ஒரு சட்டம் உண்டு. கை கழுவாமல் யாரும் டீ டம்ளரைத் தொடக்கூடாது. கர்ப்பிணிகள் பற்றவைப்பு மேசைக்கே போகக்கூடாது. புகையை இழுத்து வெளியே தள்ள ஒரு விசிறி ஓடிக்கொண்டிருக்கிறது. அழகான பொருள் செய்யும் இடங்களில் செய்கிறவர் உடம்பைப் பற்றிய கவலையும் சேர்ந்திருப்பதைப் பார்க்க மனதுக்கு இதமாக இருக்கிறது. எல்லாக் கைத்தொழில் கூடங்களிலும் இது இருக்க வேண்டும்.

இப்போது வெள்ளையைத் தேர்ந்தெடுக்கிற நேரம். சுவரோரம் செங்குத்தாக அடுக்கிய பலகைகளில் வெள்ளை என்று ஒட்டியிருக்கும் தட்டில் மட்டும் இருபதுக்கு மேல் இருக்கும். பால் வெள்ளை, மோர் வெள்ளை, சாம்பல் ஓடிய வெள்ளை, நீலம் கலங்கிய வெள்ளை, இளஞ்சிவப்பு நரம்பு பாய்ந்த வெள்ளை. புதிய பெண் பளிச்சென்ற பால் வெள்ளையை உருவி எடுக்கிறாள். பனி என்றால் வெள்ளைதானே.

"அத வை" என்கிறார் அக்கா. "அது சுவத்துக்கு அடிக்கிற வெள்ள."

அவர் எடுப்பது நீலம் கலங்கியதை. ஜன்னலுக்கு நேரே பிடிக்கிறார். கையில் சாய்த்துப் பார்த்தபோது நீலமாக இருந்த கண்ணாடி, வெயில் ஊடுருவியதும் மஞ்சளாகக் கனிகிறது. அம்மா அருகில் வந்து நிற்கிறார், பேசவில்லை. அக்கா கண்ணாடியை இறக்குகிறார், மறுபடி தூக்குகிறார். நீலம், மஞ்சள், நீலம்.

இந்தக் கண்ணாடிக்கு ஒபல் கண்ணாடி என்று பெயர். 1880-ஐ ஒட்டி அமெரிக்காவில் ஜான் லா ஃபார்ஜும் லூயிஸ் டிஃபனியும் போட்டி போட்டுக்கொண்டு சன்னல்களுக்குக் கொண்டுவந்தது. உருகிய கண்ணாடியில் ஃபுளோரைடு போன்ற சேர்மானம் கலந்தால், ஆறும்போது உள்ளே மிக நுண்ணிய துகள்கள் பிரிந்து நிற்கும். அவற்றில் பட்டு ஒளி சிதறுகிறது. நீலம் எளிதில் சிதறி நம் பக்கம் திரும்பிவிடும், மஞ்சளும் சிவப்பும் ஊடுருவிப் போய்விடும். பனியும் உப்பும் வெள்ளையாவதும் ஒளி சிதறித்தான், ஆனால் அங்கே எல்லா நிறமும் சேர்ந்தே சிதறும். ஒற்றைப் பனித்துகளைக் கையில் எடுத்தால் நிறமே கிடையாது. ஒரு கல் உப்பும் கண்ணாடிபோல் தெளிவானதுதான். ஆயிரமாயிரம் குவியும்போது அவற்றின் முகங்கள் ஒளியை மாற்றி மாற்றி எறிந்து வெள்ளையாக்குகின்றன. சொந்த நிறம் இல்லாததால்தான் மேலே விழுகிற ஒளி எதுவோ அந்த நிறத்தை அப்படியே வாங்கிக்கொள்கின்றன.

அக்காவுக்கு இது பாடமாகத் தெரிந்ததல்ல, பார்த்துத் தெரிந்தது. சிறு வயதில் தன்னைப் பெற்றவளோடு உப்பளத்துக்குப் போனவர். மரக்காணத்து உப்பளத்தில் மழை ஓய்ந்து தை பிறந்தபின் பாத்திகளைச் சேறு மிதித்துக் கெட்டியாக்குவார்கள். நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிக் காயவிட்டு, கடைசிப் பாத்தியில் உப்பு பூக்கும். வெயில் ஏறினால் அங்கே நிற்க முடியாது என்பதால் வாருபலகையோடு இருட்டிலேயே இறங்கிவிடுவார்கள். வரப்போரம் சிறு குவியல் குவியலாக இழுத்துவைத்து, பிறகு மேட்டுக்குச் சுமந்துபோய் அம்பாரம் கட்டுவது. கிழக்கே கடலுக்கு மேல் வெளுக்கும் நேரத்தில் குவியல்கள் எல்லாம் வரிசையாக நிற்கும்.

"அப்ப உப்பு வெள்ளயா இருக்காது. வெயிலு படற பக்கம் மஞ்சளா இருக்கும். நெழலு நீலமா இருக்கும். நெழலு இம்மாம் நீளம்."

கை இரண்டையும் அகல விரித்துக் காட்டுகிறார்.

"எவ்வளவு நேரம்?" என்று அம்மா கேட்கிறார்.

"கொஞ்ச நேரந்தான். சூரியன் மேல வந்துட்டா எல்லாம் வெள்ளையாயிடும், கண்ணு கூசும். எங்கம்மாவுக்குக் கண்ணு போனது அதாலதான்."

அம்மா அக்காவின் தோளைத் தொட்டு, கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் நிற்கிறார். பிறகு மேசைக்குப் போய்ப் பென்சிலை எடுத்துக் காகிதத்தின் ஓரத்தில் ஒரு கோடு போடுகிறார். அடிவானம். அதற்குச் சற்று மேலே ஒரு சிறு வட்டம். நடுப்பகல் என்கிறார்.

மார்கழியில் அந்த ஊரின் உச்சி வெயில் இவ்வளவுதான். அறுபதாவது அட்சக்கோட்டை ஒட்டிய கரை அது. டிசம்பரில் காலை ஒன்பதுக்கு மேல் எழும் சூரியன், உச்சிக்கு வந்தாலும் அடிவானத்திலிருந்து ஏழு பாகை உயரத்தை ஒட்டியே நிற்கும். மூன்றரைக்குள் விழுந்துவிடும். இருக்கிற ஆறு மணி நேரமும் வெயில் தரையை உரசிக்கொண்டு படுக்கையாக வரும். பனியின் வெயில் பட்ட முகம் மஞ்சள், நிழலில் வானத்தின் நீலம் மட்டும். குழந்தையாக அவர் பார்த்த பகல் முழுவதும் அந்த நிறம்தான். இடையஞ்சாவடியிலோ அதே மார்கழி நாளில் உச்சிச் சூரியன் ஐம்பத்து நான்கு பாகைக்கு மேல் நிற்கிறது. ஏழு பாகைக்குக் கீழே அது இருப்பது எழுந்த முதல் அரை மணி அளவும், மாலையில் இறங்கும் கடைசி அரை மணி அளவும்தான். அங்கே ஒரு முழு நண்பகலாக நின்ற வெளிச்சம் இங்கே காலை ஏழு மணிக்கெல்லாம் தீர்ந்துபோகிறது.

அந்த அரை மணியில் ஊர் பெரும்பாலும் அடுப்படியில் இருக்கும், வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கும். வெட்டவெளியில், வெள்ளைத் தரைமேல் அந்த ஒளி விழுவதை நாள் தவறாமல் பார்த்தவர்கள் உப்பளத்துக்காரர்கள். பால்டிக் கரையின் நடுப்பகல் எப்படி இருந்திருக்கும் என்று இந்தக் கரையில் யாரைக் கேட்பது என்றால், இவர்களைத்தான் கேட்க வேண்டும். பல வருடமாக இந்தக் கொட்டகையில் பனிக்கான கண்ணாடியை அக்கா எடுத்துக்கொடுப்பதும், அம்மா மறுக்காமல் வாங்கிக்கொள்வதும் அதனால்தான் என்று எனக்குப் படுகிறது.

சன்னல் ஓவியத்தில் நினைவு ஒருவருடையது, கண்ணாடி இன்னொருவருடையது என்பது பழைய வழக்கம். பெலாரூசின் வீதெப்ஸ்க் நகரத்தில் 1887-இல் பிறந்த மார்க் ஷகால், அந்த ஊரின் மரவீடுகளையும் கூரைமேல் பறக்கும் மனிதர்களையும் ஆயுள் முழுக்க வரைந்தார். எழுபதை நெருங்கும்போதுதான் கண்ணாடிக்கு வந்தார். அப்போது அவர் வசித்தது பிரான்சின் தெற்கில், மத்தியதரைக் கடலின் வெயிலில். மெட்ஸ் பேராலயத்துக்கும், ஜெருசலேமின் ஹடாசா மருத்துவமனையில் 1962-இல் திறந்த பன்னிரண்டு சன்னல்களுக்கும் அவர் வரைந்து கொடுத்தார். ரேம்ஸ் நகரத்துப் பட்டறையில் அவற்றைக் கண்ணாடியாக்கியவர்கள் சார்ல் மார்க்கும் அவர் மனைவி பிரிஜித் சிமோனும். ஒரே பலகையில் ஒரு நிறம் இன்னொன்றாக மாறிக்கொண்டே போவதற்கான வழியைச் சார்ல் மார்க் தேடிக் கண்டுபிடித்திருக்காவிட்டால் அந்தச் சன்னல்களின் நீலம் இன்று நாம் பார்க்கும் நீலமாக இருந்திருக்காது. ஷகாலின் பெயரைச் சொல்லும்போது இந்த இருவரையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

கண்ணாடி இந்தக் கரைக்குப் புதிதும் அல்ல. இங்கிருந்து இருபது கிலோமீட்டருக்குள் தெற்கே அரிக்கமேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டி உரோம வணிகத்தின் தடயங்களைக் காட்டிய இடம். யவனச் சாடிகளைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். எனக்கென்னவோ அந்த மண்ணில் இறைந்து கிடந்த சின்னஞ்சிறு கண்ணாடி மணிகள்தான் பெரிதாகத் தெரிகின்றன. உருகிய கண்ணாடியைக் குழாயாக நீட்டி இழுத்து, நறுக்கி, மறுபடி சுட்டு முனை மழுக்கிய மணிகள். செம்பு சேர்த்தால் சிவப்பு, கோபால்ட் சேர்த்தால் கருநீலம். இந்த வகை மணிகள் தென்கிழக்காசியா வரைக்கும் போயிருக்கின்றன. அதே இழுவை முறையில் ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் அண்மைக்காலம் வரை மணி செய்துவந்தார்கள். நிறக்கண்ணாடியை உருக்கிய கைகள் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே இந்தக் கடலோரத்தில் இருந்தன என்பதை, புதுச்சேரி இருதய ஆண்டவர் ஆலயத்தின் சன்னல்களில் புனிதர்களை அண்ணாந்து பார்க்கும்போதும், செட்டிநாட்டு வீடுகளின் வாசல் வளைவில் பச்சையும் சிவப்புமாக விழும் வெளிச்சத்தில் நிற்கும்போதும் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உப்புக்கும் கண்ணாடிக்கும் உறவு இன்னும் நெருக்கம். மணலை மட்டும் வைத்துக் கண்ணாடி செய்ய ஆயிரத்து எழுநூறு பாகை வெப்பம் வேண்டும். சோடா சேர்த்தால் வெகுவாகக் குறையும், நிலைத்து நிற்கச் சுண்ணாம்பும் சேர்க்க வேண்டும். 1860-களில் எர்னெஸ்ட் சோல்வே கண்ட முறையில் அந்தச் சோடா உப்பிலிருந்து வருகிறது. குசராத்தின் மிதாப்பூரில் கடல் உப்பை வைத்து இன்றும் அப்படிச் செய்கிறார்கள். இந்தப் பட்டறையில் இருக்கும் ஒவ்வொரு பலகையிலும் ஏதோ ஓர் உப்பளத்தின் வியர்வை இருக்கக்கூடும்.

மறுநாள் விடியும் முன்பே கொட்டகையின் கிழக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். இன்னும் பற்றவைக்கவில்லை. துண்டுகளை ஒரு பெரிய தெளிந்த கண்ணாடிமேல் மெழுகு வைத்து ஒட்டி, சட்டத்தோடு தூக்கி வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். முந்திரித்தோப்புக்கு மேலே சூரியன் வந்ததும் படத்தின் கீழ்ப்பகுதி முதலில் எரிகிறது. சாலை தெரிகிறது. கொப்புகளின் நிழல் நீலமாகக் குறுக்கே விழுந்திருக்கிறது. தீவின் மரங்கள் கரும்பச்சை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா மட்டும் முன்னால் போய், சாலையின் வளைவில் ஒரு துண்டைச் சுரண்டி எடுக்கிறார்.

"இங்க வண்டி போன தடம் இருக்கும் இல்ல? சக்கரம் ஏறுன எடத்துல உப்பு அழுத்தி இறுகிப்போய் வேற மாதிரி இருக்கும். இந்தத் துண்டு சரியில்ல."

"பனி" என்று புதிய பெண் திருத்துகிறாள்.

"பனியும் அப்படித்தான்" என்கிறார் அம்மா. சாம்பல் ஓடிய வெள்ளையை எடுத்துவரப் போகிறார்.

எட்டு மணிக்குத் தச்சர் வருகிறார். சன்னல் போகப்போவது புதுச்சேரியில் புதிதாக எழும்பும் ஒரு வீட்டுக்கு. மாடிப்படியின் திருப்பத்தில் மேற்குச் சுவரில் இடம் விட்டிருக்கிறார்கள். தச்சர் தேக்குச் சட்டத்தின் அளவைச் சரிபார்க்கிறார். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. வாசலில் நிற்கும் படத்தில் நீலம் போய்விட்டது, எல்லாமே வெளுப்பு.

"மேற்கா?" என்கிறார் அம்மா.

"ஆமாம்மா. சாயங்கால வெயிலு நல்லா வரும்."

"மேற்கிலும் வெளிச்சம் வரும். ஆனால் வேற. இது காலைக்குச் செய்தது." அம்மா வரைபடத்தில் நிழல்கள் சாயும் திக்கைக் காட்டுகிறார். சாலை தெற்கே போகிறது, வெயில் இடது கையில். மேற்குச் சுவரில் வைத்தால் வீட்டுக்குள் நின்று பார்க்கிறவருக்குப் படத்தின் காலையும் ஒளி வரும் மாலையும் ஒத்துப்போகாது. மேற்கே புழுதி படிந்த அந்திவெயில் சிவப்பைத் தூக்கும், நீலத்தை அமுக்கும்.

தச்சருக்குப் புரிகிறது. ஆனால் சுவர் எழும்பிவிட்டது, கிழக்கில் சாப்பாட்டு அறை, அங்கே அலமாரிக்கு இடம் ஒதுக்கியாயிற்று, வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள வேண்டும். அளவுநாடாவை விரலில் சுற்றிக்கொண்டே நிற்கிறார்.

அக்கா கிரைண்டரை நிறுத்துகிறார். "அலமாரிய எங்க வேணும்னாலும் வைக்கலாம், அண்ணே. வீட்டுக்காரர ஒரு நாளு காலைல ஆறரைக்கு இங்க வரச் சொல்லுங்க. குடும்பத்தோட வரட்டும். இந்த வாசல்ல வச்சுக் காட்டுறோம், பாத்துட்டு அவரே சொல்லட்டும்."

தச்சர் சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுக்கிறார்.